வழுக்கி விழும் ஹீரோவுக்கு எத்தனை காகிதம்? சென்னையில் குடும்பச் சிரிப்புப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் படத்தில் ஓர் ஆடு எட்டு நொடி வருகிறது. அந்த எட்டு நொடிக்காக நாங்கள் அலைந்தது நான்கு மாதம். படத்தின் மற்ற எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுக்க ஆன நாட்கள் முப்பத்து நான்குதான்.

கதை ரொம்பச் சாதாரணம். வில்லிவாக்கத்தில் தண்ணீர் கேன் போடுகிற ஒருவர். மூன்றாவது மாடிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கால் இடறி உருள்கிறார், உருண்ட கேன் மேலேயிருந்து ஓடிவந்த ஒரு திருடனைச் சாய்த்துவிடுகிறது. அன்றிலிருந்து குடியிருப்பு முழுக்க அவரைப் பெரிய வீரன் என்று நம்புகிறது, அவரும் அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் மேலும் மேலும் விழுகிறார். பாட்டி முதல் பேத்தி வரை உட்கார்ந்து பார்க்கிற படம். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். கேமரா, லென்ஸ், எடிட்டிங் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

1. கதையில் யார் எங்கே விழுகிறார்கள் என்று தனியாக எழுதுங்கள்

சிரிப்புப் படத்தின் திரைக்கதையில் ஒரு வரிக்கு என்ன விலை என்று படிக்கும்போது தெரியாது. "ஹீரோவுக்குப் போட்ட பாராட்டு மாலையை ஆடு தின்கிறது" என்று எழுத எனக்கு அரை நிமிடம் ஆனது. "பின்னணியில் ரயில் போகிறது", "சிறுவன் மாடியிலிருந்து தண்ணீர் பலூன் வீசுகிறான்", "ஆட்டோவில் பழைய பாட்டு ஓடுகிறது" எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அலுவலகம் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள். முதலில் காட்சி, அடுத்து அதில் வரும் ஆள் அல்லாத எல்லாமும் (விலங்கு, வண்டி, கட்டடம், பாட்டு, போலீஸ் சட்டை, பிராண்டு பெயர்), அடுத்து யாரிடம் அனுமதி, கடைசியில் எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும். இதை எழுதி முடித்ததும் நான்கில் ஒரு நகைச்சுவையை நீங்களே அடித்துவிடுவீர்கள். பரவாயில்லை, இப்போது அடித்தால் பென்சில்தான் தேயும். எங்களுக்கு இந்த யோசனை படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் வந்தது.

2. கம்பெனி பெயர், டைட்டில், கதைப் பதிவு

முதல் படம் என்றால் தனிநபர் நிறுவனமாகத் தொடங்குவது சுலபம். ஆனால் பெயரை ஒரே ஒரு முறை, ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள். பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, சங்க உறுப்பினர் அட்டை, டைட்டில் கடிதம், சென்சார் விண்ணப்பம், எல்லாவற்றிலும் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையது ஓரிடத்தில் "பிக்சர்ஸ்", இன்னோரிடத்தில் "புரொடக்‌ஷன்ஸ்" என்று பதிவாகிவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட்டு, அதை ஒவ்வொரு மேசையிலும் விளக்கி, மூன்று வாரம் போனது. இனிஷியலும் அப்படித்தான்: தமிழில் "சு." என்று போட்டுவிட்டு ஆங்கிலத்தில் வேறு எழுத்து வந்தால் தீர்ந்தது கதை.

டைட்டிலைத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, தயாரிப்பாளர்கள் கில்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பதிவு செய்யலாம், அதற்கு முதலில் உறுப்பினர் ஆக வேண்டும். உறுப்பினர் கட்டணம், டைட்டில் கட்டணம், டைட்டில் எத்தனை நாள் செல்லும், புதுப்பிக்க எவ்வளவு, இந்த நான்கையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பிக்க மறந்து டைட்டிலை இழந்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் ஆசைப்பட்ட பெயரை வேறொரு சங்கத்தில் யாரோ ஐந்து வருடமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், எனவே மூன்று பெயர்களோடு போங்கள். போஸ்டர் அடித்துவிட்டு டைட்டில் தேடக் கூடாது. (நாங்கள் அடித்தோம். அந்த போஸ்டர்கள் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.)

கதைக்கு இரண்டு வழி. எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்வது ஒன்று. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியாகப் பதிவு செய்வது இன்னொன்று. இலக்கியப் படைப்பு என்ற வகையில் கதைக்குக் கட்டணம் 500 ரூபாய், முடித்த படத்துக்கு 5000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதன் பிறகுதான் ஆய்வு தொடங்கும். சான்றிதழ் கையில் வர மாதங்கள் ஆகும், ஆனால் விண்ணப்பித்த உடனே ஒரு டைரி எண் கிடைக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

3. ஆடு, நாய், கோழி

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

படத்தில் விலங்கை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். 2001ஆம் ஆண்டு வந்த விதிகள் அப்படிச் சொல்கின்றன. இதில் இரண்டு கட்டம் உண்டு. படப்பிடிப்புக்கு முன்னால் அனுமதி, எடுத்து முடித்த பிறகு காட்சியைப் பார்த்துத் தருகிற தடையின்மைச் சான்று. இரண்டாவது இல்லாமல் சென்சாரில் நகராது. முதலாவது இல்லாமல் இரண்டாவது கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாங்களே சாட்சி.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர், அவருக்கு இருபது வருட அனுபவம், "அண்ணே, ஆடுதானே? எடுத்துருவோம், அப்புறம் லெட்டர் வாங்கிக்கலாம், ஆபீஸு நம்ம திருவான்மியூர்லதான் இருக்கு" என்றார். எடுத்துவிட்டோம். ஷாமியானா, ஐம்பது துணை நடிகர்கள், நாதஸ்வரம், எல்லாம் வைத்து எடுத்த காட்சி. பிறகு திருவான்மியூர் போனால், வாரியம் 2018லேயே ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்கு மாறிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவருக்கு அது தெரிந்திருந்தது, இருபது வருட அனுபவத்துக்குத் தெரியவில்லை.

முன் அனுமதி இல்லாமல் எடுத்ததால் அந்தக் காட்சியைப் பயன்படுத்த முடியவில்லை. முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்கி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் பழைய ஆடு பக்ரீத்துக்கு விற்றுப் போயிருந்தது. முன்பின் காட்சிகளில் தூரத்தில் அதே ஆடு கட்டியிருப்பது தெரியும், இடது காதில் பழுப்புத் திட்டு உள்ள வெள்ளை ஆடு, அதே மாதிரி ஒன்றைத் தேடி புளியந்தோப்பில் ஆரம்பித்து செங்குன்றம் வரை போனோம். கடைசியில் கிடைத்தது வலது காதில் திட்டு உள்ள ஆடு. படத்தைக் கூர்ந்து பார்த்தால் தெரியும், தயவுசெய்து பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படப்பிடிப்புக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பு விண்ணப்பம் போய்விட வேண்டும். விலங்கு என்ன செய்கிறது என்பதைக் காட்சி வாரியாக எழுதுங்கள். "ஆடு வருகிறது" போதாது. எங்கிருந்து வருகிறது, என்ன தின்கிறது, யார் பிடித்திருக்கிறார், எத்தனை நிமிடம், எந்த இடம், எந்தத் தேதி என்று வேண்டும். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும், படப்பிடிப்பு அன்றும் மருத்துவர் ஒருவர் இருந்து சான்று தருவது நல்லது. அவருக்கான கட்டணத்தையும் வண்டியையும் பட்ஜெட்டில் முதலிலேயே போடுங்கள். தேதி தள்ளிப்போனால் வாரியத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும், பழைய தேதிக்கு வாங்கிய கடிதத்தைக் காட்டிப் புதிய தேதியில் எடுத்தால் மறுபடி முதல் படிக்கு வந்துவிடுவீர்கள்.

குரங்கு, கரடி, சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றை வேடிக்கை காட்டப் பயன்படுத்தவே கூடாது என்று தடை இருக்கிறது. குரங்கு காமெடி எழுதியிருந்தால் இப்போதே கிழித்துவிடுங்கள். கிராபிக்ஸில் செய்தால் அது கிராபிக்ஸ்தான் என்று காட்ட ஆதாரங்களை, அதாவது விலங்கு இல்லாமல் எடுத்த மூலக் காட்சியை, பத்திரப்படுத்தி வையுங்கள். தெருவில் தானாகக் குறுக்கே போன நாயும் மாடும் ஃபிரேமில் விழுந்தாலும் கேள்வி வரும். சென்னைத் தெருவில் நாய் இல்லாத ஃபிரேம் வைப்பது எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, காலை ஆறு மணிக்குள் எடுங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

4. குழந்தை நடிக்கிறதா?

குடும்பப் படம் என்றால் குழந்தை இருக்கும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சென்னை என்றால் ராஜாஜி சாலையில் இருக்கிற ஆட்சியர் அலுவலகம். விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். குழந்தையின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும்.

ஐந்து மணி நேரம் என்பது கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். சிரிப்புப் படத்தில் தோன்றாது. தண்ணீர் பலூன் வீசும் காட்சியில் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவே தரையைத் துடைக்க வேண்டும், ஹீரோவின் தலையைக் காயவைக்க வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும். எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று டேக்தான் வந்தது. குழந்தை தேவைப்படுகிற ஷாட்டுகளை முதலில் முடித்து அதை அனுப்பிவிட்டு, விழுகிறவரின் குளோசப்பைப் பிறகு எடுங்கள். பெற்றோரின் வங்கிக் கணக்கில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். வைப்பு நிதி ரசீதின் நகல் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

5. இடம்

தனியார் வீடு, தனியார் குடியிருப்பு என்றால் உரிமையாளரிடம் பேசினால் போதும் என்று நினைப்போம். அடுக்குமாடியில் ஃபிளாட்டுக்கு உரிமையாளர் ஒருவர், மாடிப்படிக்கு உரிமையாளர் எல்லோரும். நமக்கு வேண்டியது மாடிப்படிதான். செயலாளர் வாய்மொழியாகச் சரி என்றார், முதல் நாள் மதியம் இரண்டாவது மாடி மாமி வந்து, "யாரைக் கேட்டு என் வாசல்ல டிராலி போட்டேள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நகல், செயலாளர் கையெழுத்து, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, லிஃப்ட் உண்டா, வண்டி எங்கே நிற்கும், சேதமானால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு, திருப்பித் தருவது எப்போது, எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் எழுத்தில் வேண்டும்.

அதில் தண்ணீரையும் சேருங்கள். சிரிப்புப் படம் தண்ணீரைக் குடிக்கும். எங்கள் இரண்டாம் நாள் டேக்குகளில் அந்தக் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டது, மாலையில் அலுவலகம் விட்டு வந்தவர்களுக்கு முகம் கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவரைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டு ஊரைத் தவிக்க விட்டோம். அடுத்த நாளிலிருந்து 12,000 லிட்டர் லாரி ஒன்றைத் தினமும் வரவழைத்தோம், ஆறு பங்கு அவர்கள் தொட்டிக்கு, நான்கு பங்கு நமக்கு என்று ஏற்பாடு. மாமி அதன் பிறகு காபியே கொடுத்தார்.

அரசுக்குச் சொந்தமான இடங்கள் என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போக வேண்டும். மாநகராட்சித் தெருவில் எடுத்தால் அந்தப் பகுதிக் காவல்துறைக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் முன்கூட்டியே கடிதம் தந்து முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள், படப்பிடிப்பு நாளில் அந்த நகல் மேனேஜரின் கையில் இருக்க வேண்டும், அலுவலக பீரோவில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ரயில் நிலையம், ரயில் பெட்டி என்றால் தெற்கு ரயில்வே தலைமையகம். காட்சியின் கதையையும் வசனத்தையும் படித்துவிட்டுத்தான் தருவார்கள், கட்டணமும் முன்பணமும் தனி. பின்னணியில் ரயில் போனால் போதும் என்றால் தனியார் மொட்டை மாடி ஒன்றைத் தேடுங்கள். வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் அதற்குக் குறைவே இல்லை.

ட்ரோன் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன்: மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பாருங்கள், மத்திய அரசின் ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் உங்கள் இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று தெரியும் (சிவப்பும் மஞ்சளும் என்றால் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது). போலீஸ் கமிஷனரகம் அவ்வப்போது தனியாகவும் தடை போடும்.

காலம் பற்றி: அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வெளிப்புறக் காட்சி வைக்காதீர்கள். மழையில் நனைந்த தெருவும் வெயிலில் காய்ந்த தெருவும் ஒரே காட்சியில் ஒட்டாது. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் சட்டைக்குள் பஞ்சு கட்டிக்கொண்டு ஒருவரை மொட்டை மாடியில் ஓட விடாதீர்கள். மார்ச் மாதம் குடியிருப்புகளில் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் இருப்பார்கள், ஜெனரேட்டர் சத்தத்துக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல காலம் ஜனவரி பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடிய, அப்புறம் ஜூலை, ஆகஸ்ட்.

6. விழுவதற்கான செலவு

மூன்று படி உருள்வதும் ஸ்டன்ட்தான். ஸ்டன்ட் மாஸ்டர் இல்லாமல் "நானே விழுகிறேன் சார்" என்று நடிகர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் ஹீரோ அப்படிச் சொல்லி மூன்றாம் நாளே கணுக்கால் பிசகி, பதினொரு நாள் படப்பிடிப்பு நின்றது. நின்ற நாட்களிலும் வாடகை ஓடும். மேட், முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, டூப், இவற்றோடு எந்த வேலையும் தராமல் ஒரு காரும் டிரைவரும் தயாராக நிற்க வேண்டும். ஃபெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) சங்கங்களைச் சேர்ந்த தொழிலாளர்களை வைத்து எடுக்கிறீர்கள் என்றால் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர், ஒரு கால்ஷீட் எத்தனை மணி, அதைத் தாண்டினால் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்பதை முதல் நாளுக்கு முன்பே பேசி முடியுங்கள். யூனிட் மொத்தத்துக்கும் விபத்துக் காப்பீடு எடுங்கள், பாலிசியில் "ஸ்டன்ட்" என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் இருந்தது, நாங்கள் அடிபட்ட பிறகு படித்தோம்.

சட்டைக் கணக்கு. சேறு, பெயின்ட், சாம்பார், கேக், எது கொட்டினாலும் ஒரு டேக்குக்கு ஒரு சட்டை. ஹீரோவின் காக்கி நிறச் சட்டையை முதலில் இரண்டு வாங்கினோம், பிறகு ரங்கநாதன் தெருவுக்கு ஓடினால் அதே துணி தீர்ந்துவிட்டது. ஒரே துணிக்கட்டிலிருந்து குறைந்தது எட்டு தைத்து வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்து ஒரே மாதிரி வெளுக்கவும் வையுங்கள்.

கேன் விஷயம் தொழில் ரகசியம், இருந்தாலும் சொல்கிறேன். இருபது லிட்டர் நிரம்பிய கேன் இருபது கிலோவுக்கு மேல், அதோடு விழுந்தால் எலும்பு தாங்காது. காலிக் கேனில் தண்ணீர் இல்லாதது பளிச்சென்று தெரியும். நாங்கள் கேனின் உட்புறத்தில் கழுத்து வரை நீலக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, அடியில் கால் லிட்டர் மட்டும் விட்டோம். அது தளும்புவது போதும், கண் மீதியை நம்பிக்கொள்ளும். கேனில் நிஜக் கம்பெனியின் லேபிள் வேண்டாம், சொந்தமாக ஒரு லேபிள் அடியுங்கள். அதில் தொலைபேசி எண் வந்தால் யூனிட்டில் ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மின் எண்ணாக இருக்கட்டும், இல்லையென்றால் படம் வந்த அன்று இரவு யாரோ ஒரு அப்பாவிக்கு ஆயிரம் பேர் தண்ணீர் கேன் கேட்டு போன் செய்வார்கள்.

போலீஸ் வேடம் போட்டவர் அந்த உடையோடு டீக்கடைக்குப் போகக் கூடாது. சட்டையை மாற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

7. பாட்டு, பீடி, திக்குவாய்

ஆட்டோவில் ஓடுகிற பழைய பாட்டு, ஹீரோவின் ரிங்டோன், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர், பாட்டி முணுமுணுக்கிற ஒரு வரி, எல்லாவற்றுக்கும் உரிமை வாங்க வேண்டும், இசை நிறுவனத்திடம் எழுத்தில். இரண்டு நொடிதானே என்ற சலுகை எதுவும் சட்டத்தில் கிடையாது. பின்னணியில் ஓடினால் ஒலியை மாற்றிவிடலாம், நடிகர் வாயசைத்துப் பாடிவிட்டால் டப்பிங்கில் தவிப்பீர்கள். சாலிகிராமத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து, பாட்டியின் உதட்டுக்குப் பொருந்துகிற வேறு சொற்களைத் தேடியிருக்கிறேன்.

பீடி இன்னும் மோசம். எங்கள் படத்தில் லாரி டிரைவர் காதில் ஒரு பீடியைச் செருகியிருப்பார், பற்றவைக்கவே மாட்டார். புகையிலைப் பொருள் திரையில் தெரிந்தாலே படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி விழிப்புணர்வுப் படம், 20 நொடி எச்சரிக்கை, அது தெரிகிற நேரமெல்லாம் கீழே எச்சரிக்கை வாசகம் என்று எல்லாம் வந்துவிடும். ஒரு பீடிக்காகக் குடும்பப் படத்தின் முதல் நிமிடமே அபாய அறிவிப்போடு தொடங்குகிறது. காதில் பென்சிலைச் செருகுங்கள், கணக்குப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

திக்குவாய், காது கேளாதவர், உடல் பருமன், இவர்களை வைத்துச் சிரிப்பு வரவழைப்பது நம் ஊரில் பல காலமாக நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் காட்சி கூடாது என்று சான்றிதழ் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அவர்களைத் திரையில் காட்டும் விதம் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. வெட்டுவார்கள் என்பதை விடுங்கள். எங்கள் ஒலிப்பதிவாளரின் தம்பிக்குத் திக்குவாய், அந்தக் காட்சியின் டப்பிங்கில் அவர் ஒன்றும் பேசாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். அன்றே அந்தக் காட்சியை நீக்கிவிட்டோம்.

8. சென்சார்

அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் இணையதளத்தில்தான், ஈ-சினிபிரமாண் என்று பெயர். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் "யு". பழைய "யு/ஏ" இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படம் வாங்குகிற தொலைக்காட்சிக்காரர் முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான், எனவே விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்கம்பியைத் தொடுவது, கேஸ் சிலிண்டரோடு விளையாடுவது மாதிரி குழந்தைகள் பார்த்துச் செய்துவிடக்கூடிய வேடிக்கைகள்தான் சிரிப்புப் படங்களை "யு"விலிருந்து தள்ளுகின்றன.

தயார் செய்ய வேண்டியவை: டைட்டில் கடிதம், கதைச் சுருக்கம், பாடல் வரிகள், முழு வசனம், நடிகர் மற்றும் தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், பிரமாணப் பத்திரங்கள், விலங்குக்கான தடையின்மைச் சான்று, கட்டணம். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. 72 நிமிடத்தைத் தாண்டினால் முழுநீளப் படம். திரையில் பெயர்கள் தமிழில் வர வேண்டும். வசனம் என்றால் எழுதி வைத்திருந்த வசனம் செல்லாது. எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்த பிறகு படத்தை ஓடவிட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதியது வேண்டும். டப்பிங்கில் நடிகர்கள் சேர்த்த "ஐயோ", "அடேய்" உட்பட. சிரிப்புப் படத்தில் பாதி வசனம் அங்கேதான் பிறக்கிறது, இதற்கு ஓர் உதவி இயக்குநரை ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

பார்க்கும் தேதி கிடைத்ததும் பிரிவியூ தியேட்டரை நீங்களே பதிவு செய்ய வேண்டும், வாடகையும் உங்களுடையது. டிசிபியை (தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதியை) முதல் நாளே அதே தியேட்டரில் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். முழுநீளப் படத்தைக் குழு உறுப்பினர்கள் நான்கு பேரும் அதிகாரி ஒருவரும் பார்ப்பார்கள். நீங்கள் உள்ளே உட்கார முடியாது. நான் வெளியே மூடிய கதவுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் காதை வைத்துக்கொண்டிருந்தேன், ஆடு வருகிற இடத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, ஏசி சத்தமாகவும் இருக்கலாம். முடிந்ததும் உள்ளே கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே வாதாடப் போகாதீர்கள், அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள், ஒவ்வொரு வெட்டும் எழுத்தில் வரும், உடன்பாடு இல்லையென்றால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதன் பிறகும் குறை என்றால் உயர் நீதிமன்றம்தான், நடுவே இருந்த தீர்ப்பாயம் 2021இல் போய்விட்டது. இரண்டு சொல்லை மௌனமாக்கச் சொன்னார்கள், மௌனமாக்கினோம். சண்டை போடுகிற அளவுக்கு அந்தச் சொற்கள் நல்ல நகைச்சுவையாகவும் இல்லை.

ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம். அவசரத்துக்கு முன்னுரிமைத் திரையிடல் என்று 2024 விதிகளில் ஒரு வழி இருக்கிறது, கூடுதல் கட்டணத்தோடு. அதை நம்பித் தியேட்டர் பேசாதீர்கள். எல்லாக் காகிதமும் கையில் இருக்கிறது என்றால்கூட ரிலீசுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்கட்டும்.

9. சான்றிதழ் வந்த பிறகு

வந்த உடனே படத்தின் பெயர், கம்பெனி பெயர், ஓடும் நேரம் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். வெட்டியதற்குப் பிறகு நேரம் மாறியிருக்கும், அதைத் திருத்தாமல் விட்டால் தியேட்டருக்குப் போகிற டிசிபியும் சான்றிதழும் ஒத்துப்போகாது. சான்றிதழைப் படத்தின் தொடக்கத்தில் காட்ட வேண்டும், அதற்காக டிசிபியை மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஃபைலை மூடிப் பரணில் போட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சி உரிமை பேசும்போதும் ஓடிடியில் கொடுக்கும்போதும் எல்லாக் காகிதத்தையும் மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள்: டைட்டில் கடிதம், இசை உரிமை, குழந்தையின் வைப்பு நிதி ரசீது, குடியிருப்புச் சங்கத்தின் ஒப்பந்தம். போன வாரம் ஒரு சேனலிலிருந்து மின்னஞ்சல் வந்தது, எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஆட்டுக்கான கடிதத்தை மட்டும் இன்னும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.